பெட்டரி நிக்குதில்ல

“இண்டைக்கும் மைக்க ஓஃப் பண்ணல்ல, பாத்தீங்களா மாஸ்டர்?”

தொழுகைக்குக் கைகால் கழுவி உளூ எடுக்க, பள்ளிவாசல் ஹவுள் தொட்டியடியில் உட்கார்ந்த ஹயாத்து முகம்மது ஹாஜியார் பல்லைக் கடித்தார். மாலை அஸர் பாங்கு முடிந்து இரண்டு நிமிடமாகிறது. பாங்கு சொன்ன மோதினார் அஹமட்டின் இருமல் லவுட்ஸ்பீக்கர் வழியாகக் கரைத்தீவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

“இந்தக் கிழமை இது நாலாவது தரம்!”

ஞாயிற்றுக்கிழமை மோதினார் பள்ளி முற்றத்தில் நின்ற ஆட்டை விரட்டியதை ஊரே கேட்டுச் சிரித்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை நடந்ததைத்தான் ஹாஜியாரால் ஜீரணிக்க முடியவில்லை.

மோதினாருக்கு வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சாப்பாடு அனுப்புவார்கள். அன்றைக்கு ஹாஜியார் வீட்டு முறை. “யா அல்லாஹ், இது கருவாட்டில உப்பா, உப்பில கருவாடா?” என்று மோதினார் தனக்குள் முணுமுணுத்தது மைக்கில் போய்விட்டது. சமைத்த ஹாஜியாரின் மனைவி ஆசியா உம்மா அன்றிலிருந்து புருஷனிடம்கூட முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. மோதினாரை வேலைக்கு வைத்திருக்கும் பள்ளித் தலைவர் அவர்தானே!

“பாவம் ஹாஜியார்,” என்றார் பள்ளிச் செயலாளர் நௌஃபர் மாஸ்டர். “காது மிசின்ல பெட்டரி நிக்குதில்ல. மிசின் செத்தா, மைக் ஓனா ஓஃபா எண்டு அவருக்கு எப்பிடி வெளங்கும்?”

“பெட்டரி, பெட்டரி! கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சிட்டு. நீங்கதானே அதப் புத்தளத்துக்குக் கொண்டு போன? கடைக்காரன் என்ன சொன்ன?”

மாஸ்டர் தயங்கினார்.

“முழுசா சார்ஜ் ஏறினா, விடியப் போட்டு ராவு இஷாத் தொழுகை மட்டும் பாவிக்கலாமாம். மிசின்ல ஒரு பிழையும் இல்லையாம்.”

“அப்ப?”

“படுக்கைக்குப் போக முந்தி சார்ஜ் பெட்டியில வச்சி, பிளக்கில குத்திட்டுத்தான் படுக்கிறாராம். அப்பிடியிருந்தும் பகல் லுஹரோட செத்துப் போகுதாம்.”

“எல்லாம் பொய்! மறந்து போய்ப் படுக்கிறார். ஏலாட்டி வேலைய விட்டுட்டுப் போகணும்.” ஹாஜியார் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். “கடிதம் எழுதிட்டன். தொழுது முடியக் குடுக்கப் போறன்.”



“வேலையோட பள்ளி குடுத்த அறையும் போனா மனுசன் எங்க போற ஹாஜியார்? தொண்ணூறில மன்னாரால வெரட்டுப்பட்டு வந்தவர். பொஞ்சாதியும் மௌத்தாப் போயிட்டா. மகள் ஒருத்தி, அவவும் குவைத்தில வேலைக்கு. அந்த மிசினே அந்தப் புள்ள உழைச்சி வாங்கிக் குடுத்தது.”

“அதுக்கு நான் என்ன செய்ற? இந்தப் பள்ளிய நான் எவ்வளவு பாடுபட்டுக் கொண்டு போறன்! கரண்ட் பில் பாதியாக் குறைஞ்சிருக்கு, தெரியுமா? ஒவ்வொரு நாளும் கடைசியா நான்தான் பள்ளியச் சுத்திப் பாத்துட்டு வீட்ட போறன். இவருக்கு ஒரு மைக்கப் பாக்க ஏலாது!”

லவுட்ஸ்பீக்கரில் மோதினார் தொண்டையைச் செருமினார். ஹவுளைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மாஸ்டர் மைக்கை நிறுத்த எழுந்தார்.

“இரிங்க மாஸ்டர். ஊரும் கேக்கட்டும். அப்பத்தான் நான் கடிதத்தக் குடுக்கக்குள்ள ஒருத்தனும் வாய் தொறக்க மாட்டான்.”

மாஸ்டர் உட்கார்ந்தார். ஊரும் கேட்டது.

“சப்னா மகள், அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா வொய்ஸ் அனுப்புறன், நீ எழுதி அனுப்பு. நீ கதைச்சா எனக்கு வெளங்காது. மிசின் செத்திட்டு.”

‘கேட்டீங்களா?’ என்பதுபோல் ஹாஜியார் மாஸ்டரைப் பார்த்தார்.

“கடைக்காரனுக்குப் போன் கோல் எடுத்து ஏசாத மகள். நீ வாங்கித் தந்தது நல்ல மிசின். என்ட அறைப் பிளக்குக்குச் சுவிச் வெளிய விறாந்தையில இரிக்கி. இஷாவுக்குப் பொறகு ஹாஜியார் வந்து விறாந்தையில உள்ள எல்லாச் சுவிச்சையும் அணைச்சிட்டுப் போவார். அதோட என்ட பெட்டியில உள்ள பச்ச வெளிச்சமும் நூந்திடும்.”

ஹவுளடியில் சிரிப்பு நின்றுவிட்டது.

“ஒரு நாள் ராவு எழும்பிப் போய்ச் சுவிச்சப் போட்டன். அடுத்த ஜும்மாவில, ராவில ஆரோ சுவிச்சப் போட்டுப் பள்ளிக் கரண்ட களவெடுக்கிறான் எண்டு ஹாஜியார் சொல்லிட்டார். நானெண்டு அவருக்குத் தெரியாது. அதுக்குப் பொறகு, விடியச் சுபஹுக்கு எழும்பித்தான் போடுறன். அந்தக் கொஞ்ச நேரத்தில எவ்வளவு ஏறும்?”

ஹாஜியார் கையில் அள்ளிய தண்ணீர் முழங்கை வழியே வழிந்து, சட்டைப் பையை நனைத்துக்கொண்டிருந்தது.

“ஏன் சொல்லல்ல எண்டு கேக்காத மகள். அவர் தன்ட வீட்டுக்கா மிச்சம் புடிக்கிறார்? பள்ளிக்குத்தானே! சொன்னா நாலு பேர் அவரப் பாத்துச் சிரிப்பாங்க. பழி பெட்டரிட தலையில கெடக்கட்டும். பெட்டரிக்கு மானம் போகாதுதானே.”

நௌஃபர் மாஸ்டர் பதறிப் போய் எழுந்தார்.

“நான் போய் அந்த மைக்க அணைச்சிட்டு வாறன் ஹாஜியார்!”

ஹாஜியார் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

“இரிங்க மாஸ்டர். நான் அணைச்சது போதும்.”