வெள்ளிப் பக்கம்

"அண்ணே, வெள்ளிப் பக்கம் வெளியே இருக்கணும். அப்பதான் வெயில் திரும்பிப் போகும். கறுப்பை வெளியே காட்டினா, வெயிலைக் கையைப் பிடிச்சு உள்ளே இழுக்கிற மாதிரி!"

சொன்னவன் எதிர்வீட்டுக்காரன். பிஸ்கட் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. பகலில் தூங்கி எழுந்து, சாயங்காலம் தெருவுக்கு அறிவுரை வழங்குவது உபதொழில். அதற்குச் சம்பளம் கிடையாது என்பது ஒன்றுதான் குறை.

கேட்டுக்கொண்டிருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் வைத்து ஓடும் வீடாக மாற்றிக்கொண்டிருந்தார். மனைவியோடு ஊர் சுற்றத் திட்டம். வெயில் தட்டிகளும் சொந்தத் தயாரிப்புதான். கண்ணாடியில் செய்தித்தாளை ஒட்டி அளவெடுத்து, வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் ஷீட்டை அவர் வெட்ட, பின்பக்கம் கறுப்புத் துணி வைத்து மனைவி தைத்திருந்தாள்.

பஸ்ஸின் பக்கவாட்டு ஜன்னல்களில் எல்லாம் வெள்ளி வெளியே பளபளத்தது. முன்கண்ணாடியில் மட்டும் கறுப்பு.

"இத்தனை ஜன்னலுக்கும் சரியா வச்சுட்டு, இருக்கிறதிலேயே பெரிய கண்ணாடிக்குக் கோட்டை விட்டுட்டீங்களே!"

"இருக்கட்டும் தம்பி." பஸ்காரர் சட்டை நுனியைப் பிழிந்தார். உள்ளே அலமாரிக்கு ஆணியடித்துவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தார்.

"வெந்துட்டீங்களா, இல்ல இன்னும் கொஞ்சம் வேகணுமா? எங்க அடுப்புல இருந்து வர்ற பிஸ்கட்கூட இவ்வளவு சிவந்திருக்காது!"

"அது வந்து தம்பி..." என்று அவர் மனைவி வாயெடுத்தாள்.

"நீ போய்த் தண்ணி கொண்டா" என்று பஸ்காரர் அவளை அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தும் அவனுக்கு ஆறவில்லை.

"வாழ்நாள் பூரா முன்கண்ணாடி வழியாவே உலகத்தைப் பார்த்த மனுஷன். எது உள்ளே, எது வெளியேன்னு தெரியலையே!"

"உங்களுக்கு எதுக்குங்க ஊர் வம்பு?" என்றாள் மனைவி. "ஒழுங்காத் தூங்குற வழியைப் பாருங்க. போன வாரம் மிஷின் பக்கத்துல கண் அசந்து, சூப்பர்வைசர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டது மறந்துபோச்சா? இன்னொரு தடவை பார்த்தா நிரந்தரமா வீட்டுலயே தூங்கலாம்னு சொல்லிட்டாராமே?"

"அது என் தப்பா? எங்கிருந்தோ ஒரு வெளிச்சம் வந்து மூஞ்சியில அடிச்சுது. ரெண்டு நாள் பொட்டுத் தூக்கம் இல்ல. ஜன்னலைத் திறந்து ஒரு கத்து கத்தினேன் பாரு, அன்னைக்கோட நின்னுபோச்சு. சூரியனே பயந்துட்டான்."

மறுநாள் காலை வேலை முடிந்து வரும்போது மினி பஸ்ஸின் கதவு பூட்டாமல் இருந்தது. பஸ்காரரும் மனைவியும் கடைக்குப் போயிருந்தார்கள். நல்லது செய்ய யார் அனுமதி வேண்டும்? ஏறினான். முன்கண்ணாடித் தட்டியைப் பிடுங்கித் திருப்பினான். கண்ணாடியைக் கவ்விக்கொள்ளும் ரப்பர்களை ஒவ்வொன்றாக அழுத்தினான். இறங்கி நின்று தன் கைவேலையை ரசித்தான்.

அறிவில்லாத தெருவுக்கு நம்மால் ஆனது.

மாடியறையில் படுத்ததும் தூங்கிப்போனான். சுகமான தூக்கம்.

வெயில் ஏறியதும், முகத்தில் யாரோ சூட்டுக்கோலை வைத்ததுபோல் துள்ளி எழுந்தான். கண் கூசியது. அறை முழுக்க வெள்ளை வெளிச்சம். மறுபடியுமா!

சூரியனை இன்னொரு முறை திட்டுவதற்காக ஜன்னலுக்குப் போனான். வாய் பாதி திறந்தபடியே நின்றது.

கீழே மினி பஸ்ஸின் சாய்ந்த முன்கண்ணாடி, நேராக அவன் ஜன்னலைப் பார்த்து ஜொலித்துக்கொண்டிருந்தது.

கடையிலிருந்து திரும்பிய பஸ்காரர் பைகளைத் தெருவிலேயே போட்டுவிட்டு அவசரமாக வண்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, யாரு இதைத் திருப்பி வச்சது?" என்று அவர் மனைவி குரலை உயர்த்தினாள்.

"யாரோ. முதல்ல நீ மெதுவாப் பேசு" என்றார் பஸ்காரர், தட்டியைக் கழற்றிக்கொண்டே. "மேலே தம்பி தூங்குது. அதுக்கு வேலை போயிடக் கூடாது."

கறுப்புப் பக்கம் வெளியே வந்தது. அறை இருட்டாயிற்று.

அவன் முகம் மட்டும் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது.