எட்டு மில்லிக் காய்

மாலை உள்சுவர் ஆணியில் தொங்கியது. வாசலில் நின்றபடியே பார்த்துவிட்டேன்.

பச்சைப் பசேலென்று, ஒன்றுபோல ஒன்று, நடுநடுவே ஜரிகையும் வெள்ளை மணியுமாக. அத்தனையும் எட்டு மில்லிக் காய். எங்கள் ஏலக்காய்க் கிட்டங்கியில் காயை எட்டு மில்லிமீட்டர்க் கண் சல்லடையில் போட்டுச் சலித்தால் கடைசிவரைக்கும் விழாமல் நிற்கிற முதல் தரம்.

"வாங்க ராக்கையாண்ணே" என்று அனுசியா எழுந்தாள்.

முகத்தில் பயமே இல்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. கிட்டங்கி சூப்பர்வைசர் போடியிலிருந்து பஸ் ஏறி சிலமலைக்கு வந்து வாசலில் நிற்கிறான். காய் பொறுக்குகிறவள் கொஞ்சமாவது பதற வேண்டாமா?

கெட்டிக்காரி. எங்கிட்டயேவா?

இருபத்திரண்டு வருசமாக இந்தச் சோலி பார்க்கிறேன். சாயங்காலம் பொம்பளைகள் வெளியே போகும்போது வாசலில் சோதனைக்கு நிற்கிற ஆயம்மாள் மடியை உதறச் சொல்லிப் பார்ப்பாள். நான் தூக்குவாளியைத் திறந்து பார்ப்பேன், குடையை விரித்துப் பார்ப்பேன். ஏலக்காய் அப்படிப்பட்ட பொருள். கை நீளம் என்று ஒருத்திக்குப் பேர் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு போடியில் எந்தக் கடையும் அவளைப் படியேற விடாது. வேலையும் கிடையாது, காசு கொடுத்தாலும் காய் கிடையாது.

காலையில் என் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. அதில் இந்த மாலை. 'போடி ஏலக்காய் மாலை, ஆர்டர் எடுக்கப்படும்' என்று கீழே இவள் நம்பர்.

தினக்கூலிக்காரிக்கு இத்தனை முதல் தரக் காய் எங்கிருந்து வந்தது?

யோசிக்க யோசிக்க எல்லாம் பிடிபட்டது. ஒரு மாசத்துக்கு முன்னால் கேட்டாள், நூறு கிராமுக்கு எத்தனை காய் நிற்கும் என்று. இன்னொரு நாள், காயை எந்த இடத்தில் ஊசியால் குத்தினால் வாய் பிளக்காது என்று. நானும் மடையன் மாதிரி, காம்புப் பக்கம் குத்து என்று சொல்லித் தொலைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் கதை பேசினால் இவள் மட்டும் ஜன்னலோரம் போய்விடுவாள். உள்ளங்கையில் ஒரு காயை வைத்து போட்டோ எடுப்பாள், அழிப்பாள், திரும்ப எடுப்பாள். வெளிச்சம் பழகுகிறாளாம். பொறுக்குகிற கைக்கு வெளிச்சம் எதற்கு? அந்த விரல் நுனியெல்லாம் வேறு ஊசிக் குத்து.

உள்ளே போனேன். சொம்பில் சாய்த்துக் கட்டிய போன். அதற்கு எதிரே வெள்ளை வேட்டியைத் திரையாக விரித்திருந்தாள். பக்கத்தில் ஒரு நோட்டு, அதில் அவள் கையெழுத்து: 'சிரிச்சுக்கிட்டே பேசணும். வெரசாப் பேசக் கூடாது. விலையக் கடைசியாத்தான் சொல்லணும்.'

அடேயப்பா, பாடம் படித்தல்லவா திருடியிருக்கிறாள்!

வீடு முழுக்க ஏலக்காய் வாசம் வேறு. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

மாலையை ஆணியிலிருந்து எடுத்து ஓரத்துக் காய் ஒன்றைப் பிய்த்தேன். வழக்கத்தைவிடக் கனம். கனத்த காயாகப் பார்த்து அள்ளியிருக்கிறாள், பாவி.

"யாரு வீட்டுச் சரக்கு ஆத்தா இது?"

அப்போதுதான் நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று அவளுக்குப் புரிந்தது. முகம் சுண்டிப் போனது.

"கடிச்சுப் பாருங்கண்ணே."

கடித்தேன்.

கசப்பு என்றால் அப்படியொரு கசப்பு. தொண்டைவரை இறங்கியது. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டின கதையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

வேப்பங்காய்.

கண்மாய்க்கரை மரத்தில் பறித்ததாம். பச்சை போகாமல் நிழலில் உலர்த்தினால் தோல் சுருங்கி, பார்வைக்கு ஏலக்காய் மாதிரியே வரி விழுமாம். ரெண்டு மாசமாக அதில்தான் கோர்த்துப் பழகுகிறாளாம். நிஜக் காயில் பழகினால் உடைகிற காய்க்கு நான் எங்கேண்ணே போவேன் என்றாள். பதினேழு மாலை குப்பைக்குப் போன பிறகு இது ஒன்றுதான் தேறியதாம். இது வெறும் மாடல், ஆர்டருக்கு நிஜக் காயில்தான் கட்டித் தருவாளாம்.

எனக்குக் கூசிப் போய்விட்டது. அந்த ஏலக்காய் வாசம் என் சட்டையிலிருந்தேதான் வந்திருக்க வேண்டும். இத்தனை வருசத்தில் என் மூக்குக்கு வேறு வாசமே தெரிவதில்லை.

சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வந்திருந்தால் தேவலை. அவளோ தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ராக்கையாண்ணன் கண்ணுக்கே ஏலக்காயாகத் தெரிந்துவிட்டதென்றால் தொழில் கைக்கு வந்துவிட்டது என்று அர்த்தமாம். இன்றைக்குத்தான் முதல் ஆர்டரும் வந்திருக்கிறதாம், ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு மாலை.

"காயை நம்ம கிட்டங்கியிலேயே வாங்கிக்கிறேண்ணே. மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா அவரு நம்புவாரு."

நம்புவார்.

மத்தியானம் அந்த வீடியோவைக் காட்டி நான் சொன்னதை அவர் ஒரு கேள்வி கேட்காமல் நம்பினார். நான் பஸ் ஏறுவதற்குள் அவள் போட்டோ போடியில் இருக்கிற எல்லா ஏலக்காய்க் கடைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.