பதினோரு ஆமென்

ஆராதனை முடிந்ததும் அடைக்கலசாமி, உபதேசியார் கிருபாகரனை வாசலிலேயே மடக்கினார்.

"பாத்தீங்களா ஐயா? பைபிள்லேருந்து பன்னெண்டு சாபம் வாசிச்சீங்க, ஒவ்வொண்ணுக்கும் சபை ஆமென் சொல்லிச்சு. என் தம்பி பதினொண்ணுக்குத்தான் ஆமென் சொன்னான். எல்லைக்கல்லை நகத்துறவன் சபிக்கப்பட்டவன்னு வந்தப்போ வாயை மூடிகினு நின்னான்."

நெசவுக்குப் பட்டுப் பாவு நூலை இழுத்துக் கட்டும் கொல்லையில், அண்ணன் தம்பி பங்குகளுக்கு நடுவே அறுபத்தெட்டாம் வருஷம் அப்பா நட்ட எல்லைக்கல் பத்து வருஷம் கழித்து இரண்டடி நகர்ந்திருந்தது. அண்ணனும் தம்பியும் பேசி ஆறு மாதமாகிறது. இந்த அதிகாரத்தை வாசிக்கச் சொன்னதும், வாசிக்கப் போவதைத் தம்பிக்குச் சொல்லியனுப்பியதும் அடைக்கலசாமிதான்.

"ஆமென்னா ஜெபம் முடிஞ்சிதுன்னு நெனச்சிகினு இருக்கோம்," என்றார் உபதேசியார். "எபிரேயத்துல அது உறுதி சொல்ற வார்த்தைங்க. சாபத்துக்கு ஆமென் சொன்னா, அது பலிக்கட்டும்னு சத்தியம் பண்றது. நேத்து வந்து கேட்ட உங்க தம்பி அற்புதராஜுக்கும் இதைத்தான் சொன்னேன்."

"அதான் பயந்துட்டான்."

"பயந்தான்தான். 'விடியக்காலையில கடப்பாறையோட கல்லுகிட்ட நின்னவரை என் கண்ணால பாத்தேன் ஐயா. அவரு மேல சாபம் விழட்டும்னு என் வாயால சொல்லமாட்டேன். கூடப் பொறந்தவரு'ன்னு சொல்லிட்டுப் போனான்."

அடைக்கலசாமி மேல்துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

உபதேசியார் குடையை விரித்தார்.

"நீங்கதான் பன்னெண்டுக்கும் சொன்னீங்க. ரோடு வரைக்கும் கேட்டுது."