பத்தொன்பது மீன்

"ஒண்டும் வெட்டாதையுங்கோ. பத்தொன்பதும் உயிரோட வேணும்," என்றாள் செலீன் வாங், மீன்தொட்டியைக் காட்டி. அவளுக்கும் கடைக்காரர் பேரின்பநாதனுக்கும் பொதுவாக இருந்தது அரைகுறைப் பிரெஞ்சு.

பேரின்பநாதனுக்குக் கண் கலங்கிவிட்டது. கனடாவில், மொன்றியலுக்குப் பக்கத்துப் புரோசார்ட்டில் பன்னிரண்டு வருசமாக நடத்திய கடையை நாளை தொடக்கம் பூட்டச் சொல்லி, சுகாதார இன்ஸ்பெக்டர் கதவில் உத்தரவு ஒட்டிப் போய் ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை. எவனோ ஒரு புண்ணியவான் பெயர் போடாமல் நாலாவது முறைப்பாடும் எழுதியிருந்தான்.

அவன் நாசமாய்ப் போக! ஆனாலும் இன்ஸ்பெக்டர் வந்த நாளெல்லாம் இந்தச் சீனத்து மனுசியும் வந்து உயிர்மீன் வாங்குவாள். முதல் தடவை ஒன்று, பிறகு இரண்டு, பிறகு ஐந்து. கடவுள் ஒரு கையால் அடித்து மறுகையால் தடவுகிறார் என்று பேரின்பநாதன் உருகிப்போயிருந்தார்.

"இவ்வளவும் சமைக்கவோ?"

"இல்லை, ஆத்தில விட. பாவம் செய்தால் உயிர்களைக் காப்பாத்திக் கழுவ வேணும். இல்லாட்டி அது பிள்ளையின்ர தலையில விழும்."

மைத்துனன் றூபன் தமிழில் முணுமுணுத்தான். "அத்தான், ஒக்டோபர்க் குளிர்த் தண்ணியில உந்தத் திலாப்பியா தாங்குமே? பாவம் கழுவப் போய் இன்னும் பத்தொன்பது கொலை!"

"வாயைப் பொத்தடா!" வெள்ளிக்கிழமை மட்டும் மச்சமாமிசம் தொடாமல், மற்ற ஆறு நாள் மீன் வெட்டுகிற பாவத்தையும் சரிக்கட்டுகிறவர் பேரின்பநாதன். அவருக்கு அவளுடைய நியாயம் நன்றாகவே விளங்கியது.

நாலு வாளியில் மீன்களை இறக்கியபடி கேட்டார். "உங்களைப் போல நல்ல மனுசிக்கு என்ன பாவம்?"

"ஒருத்தருக்குக் கெடுதல் செய்துபோட்டன்." அவள் தலைகுனிந்தாள். "மகன் வாற மாதம் கடை திறக்கிறான். அவனுக்கு ஒண்டும் வரக்கூடாது."

"வராது! இப்பிடி ஒரு தாய் இருக்க அவனுக்கு என்ன குறை?" வாளிகளைத் தானே தூக்கிக்கொண்டு போய் அவளுடைய காரில் வைத்தார். மனம் நிறைந்து வாழ்த்தினார். "ஓகோவெண்டு நடக்கும், பாருங்கோ. என்ன கடை?"

எதிர்ப்பக்கத்தில் கண்ணாடிக்குத் தாள் ஒட்டிக் கிடந்த வெற்றுக்கடையைச் செலீன் ஒருமுறை பார்த்தாள்.

"மீன்கடை."