தூரத்துச் சம்பந்தம்

"இடுப்புல அரிவாளைச் சொருவிக்கினு திரியற ஊருக்கா நம்ப பொண்ணைக் குடுக்கப் போறீங்க?"

மீன் கழுவிய ஈரக் கையோடு ஜெய்புன்னிசா சமையற்கட்டிலிருந்து வந்து நின்றாள். அவள் புருஷன் நைனா முகம்மது சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"மெதுவாப் பேசு. அவங்கம்மாவையும் மாமாவையும் கூட்டியாற ஜெயினுலாபுதீன் ஸ்டேசனுக்குப் போயிகிறான். அவன் கையில அரிவாளா கீது? கஜக்கோல்தானே கீது?"

ஜெயினுலாபுதீன் செங்கல்பட்டு பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் தங்கமான பையன். அதை ஜெய்புன்னிசாவும் மறுக்கவில்லை. ஆனால் அவன் சொந்த ஊர் காயல்பட்டினம், திருநெல்வேலிக்கும் அப்பால். அந்தச் சீமையைப் பற்றி அடுத்த வீட்டுச் சந்திரம்மா எல்லாம் சொல்லியிருந்தாள். குடிதண்ணீருக்கு நாலு மைல் நடக்கணுமாம். மருமகளை வாய் திறக்கவே விடமாட்டார்களாம். இத்தனைக்கும் சந்திரம்மா அச்சரப்பாக்கத்தைத் தாண்டித் தெற்கே போனவளில்லை.

"கடைதான் இங்க கீது. பொண்டாட்டி அங்க மாமியா வூட்லதானே கெடக்கணும்?"

"அது உலக வழக்கம். அதுக்கு நான் இன்னா பண்றது?"

"நாலு பெத்து ஒண்ணு தங்குன புள்ள அது!"

மகள் ஜஹனாராவை ஒரு ராத்திரிகூடப் பிரிந்து படுத்தவளில்லை ஜெய்புன்னிசா. வருகிறவர்களிடம் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவது என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொண்டாள்.

தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் வந்திறங்கிய பையனின் தாய் ஆமினா உம்மாவுக்குக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை. ஆண்கள் வாசல் அறையில் உட்கார, அவள் மட்டும் உள்ளே வந்தாள். ஜஹனாராவை ஒரே ஒரு தரம் பார்த்து, "நல்லா இருக்கா" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் வீட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

"கிணத்துத் தண்ணி உப்புக் கரிக்குமோ?" கேட்டதோடு விடவில்லை, இறைத்து ஒரு வாய் குடித்தே பார்த்தாள்.

"மழைக்கு ஓடு ஒழுகுமோ?"

"ஒழுகாது."

"அந்த உள் அறையில காத்து வருமோ?"

"வரும், வரும்."

ஜெய்புன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவள் பெண் பார்க்க வந்தாளா, வீட்டை விலை பேச வந்தாளா? மகாபலிபுரத்திலிருந்து காலையில் வந்த வஞ்சிரத்தைக் குழம்பு வைத்திருந்தாள். ஆமினா உம்மா அதையும் நாக்கில் தொட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"தினமும் இவ்வளவு காரமோ? தேங்காப்பால் ஊத்த மாட்டியளோ?"

"நாங்க இப்டித்தான் துன்றது."

"கோவம் வந்தா நீங்க ரொம்பச் சத்தம் போடுவியளோ?"

இதற்குமேல் ஜெய்புன்னிசாவால் பொறுக்க முடியவில்லை.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இந்தச் சம்பந்தம் நமக்கு ஒத்துவராது. எனக்கு இருக்கறது ஒரே பொண்ணு. அத்தனை தூரம் அவளை அனுப்பிட்டு நான் உசுரோட இருக்க மாட்டேன்."

ஆமினா உம்மா திகைத்துப்போனாள். "அவளை எங்க அனுப்பப் போறிய?"

"இன்னாக்கா கேள்வி இது? உங்க வூட்டுக்குத்தான்!"

"எங்க வீட்டுக்கா? எதுக்கு?"

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். ஆமினா உம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். ஜெய்புன்னிசா பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வடக்க உள்ளவஹ எடுத்ததுக்கெல்லாம் சண்டைக்கு வருவாஹ, கூழை ஊத்தியே ஆளைக் கொன்னுடுவாஹன்னு ஊர்ல சொன்னாஹ. ரயில் ஏறினதுலேர்ந்து அழுதுக்கிட்டேதான் வந்தேன். எங்க ஊர்ல பொண்ணு பெத்த உம்மா வீட்டை விட்டு எறங்க மாட்டா தங்கச்சி, மாப்பிள்ளைதான் மாமியா வீட்டுக்கு வாழப் போவான். பெத்த புள்ளையைத் தூரத்துல கட்டிக் குடுத்துட்டுப் போறது நீங்க இல்ல, நான்தான்!"