எந்தக் கன்னத்தில்?

என் மனைவியின் மூக்கை வரைந்துகொண்டிருந்தபோது படகு பாறையில் முட்டப் பார்த்தது.

சுக்கானை ஒடித்துத் திருப்பினேன். படகு தப்பியது. மூக்கு கோணிக்கொண்டது.

"அத்தான், அக்கா மூக்கு இப்படியா இருக்கும்?" என்றான் மைத்துனன். எஞ்சின் மெக்கானிக். அவளுடைய கூடப்பிறந்த தம்பி.

"அந்தப் பாறையைப் போய்க் கேளு" என்றேன்.

படகில் இருக்கும் ஜி.பி.எஸ். திரையில் கரை, பாறை, ஆழம் எல்லாம் வரைபடமாகத் தெரியும். நாம் அதில் ஒரு சின்ன முக்கோணம். போன வழியெல்லாம் நமக்குப் பின்னால் கோடாக நீண்டுகொண்டே வரும். எங்கே சுற்றினோம், எங்கே தடுமாறினோம் என்று ஒன்று விடாமல் காட்டிக்கொடுத்துவிடும். அக்கம்பக்கத்துப் படகுகளும் அவரவர் கோட்டோடு நம் திரையில் தெரியும். அவர்கள் திரையில் நாம் தெரிவோம். மனசாட்சியைப் பாட்டரியில் ஓடவிட்டதுபோல.

அந்தக் கோட்டால்தான் அவள் முகத்தை வரைந்துகொண்டிருந்தோம்.

எல்லாம் காலையில் ஆரம்பித்தது. அவள் இரண்டு கைகளாலும் கன்னங்களைப் பொத்திக்கொண்டு, "என் மச்சம் எந்தக் கன்னத்துல இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்" என்றாள்.

"எந்த மச்சம்?" என்றேன்.

கேட்டிருக்கக்கூடாது.

அன்றைக்குக் கடைசிப் படகில் அக்கரைக்குப் போய் மகள் வீட்டிலேயே தங்கிவிடப் போவதாகச் சொன்னாள். கன்னத்திலிருந்து கையை எடுக்காமலே, முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள்.

கடைசிப் படகு கிளம்புவதற்குள் முகத்தை வரைந்து, மச்சத்தைச் சரியான கன்னத்தில் வைத்தாகவேண்டும். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

"சரி, நடுக்கடல்ல வரைஞ்சா அக்கா பார்க்குமா?"

"பார்ப்பா" என்றேன்.

படகு திரும்பினால் படமும் திரும்பும்படி திரையை வைத்திருந்தேன். நான் கண்ணருகே போனால் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீட்டில் நடப்பதுதானே என்று நான் பாட்டுக்கு ஓட்டினேன். மைத்துனன்தான் ஒரு பொத்தானை அழுத்தி, வடக்கு எப்போதும் மேலேயே இருக்கும்படி மாற்றினான். அதன்பிறகு அசையாமல் இருந்தாள்.

கடலில் ஒருவன் ஒரே இடத்தில் வட்டம் போட்டால் கீழே மீன்கூட்டம் என்று அர்த்தம். இடது கண்ணை நாங்கள் முடிப்பதற்குள் நாலைந்து படகுகள் வந்து வலை விரித்துவிட்டன. வலை கிழிகிற அளவுக்கு மீன் மாட்டியது. இன்றைக்கும் எங்கள் ஆட்கள் அந்த இடத்தை இடது கண் என்றுதான் சொல்கிறார்கள். வலது கண்ணில் ஒரு பொடிமீன்கூடக் கிடைக்காது.

துறைமுகத்திலிருந்து ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்கள். "என்னய்யா, சுக்கான் உடைஞ்சுபோச்சா?"

"இல்லைங்க, இப்ப தாடை போயிட்டிருக்கு" என்றேன்.



மாலைக்குள் முகம் முடிந்துவிட்டது. மச்சம்தான் பாக்கி.

"நீ கூடப் பிறந்தவன்தானே, உனக்குத் தெரியாதா?" என்றேன்.

"எனக்கு அக்கா அடிக்கிற கைதான் ஞாபகம் இருக்கு" என்றான்.

என் போனைத் திறந்து படம் இருக்கிறதா என்று பார்த்தோம். நான் பிடித்த மீன்கள் ஏராளமாக இருந்தன. ஒவ்வொன்றின் கன்னமும் தெளிவாகத் தெரிந்தது. அவன் போனில் எஞ்சின்கள் இருந்தன.

தப்பான கன்னத்தில் வைத்துவிட்டால் அழிக்கவும் வழியில்லை. என் திரையில் வேண்டுமானால் அழிக்கலாம். மற்றவர்கள் திரையில் விழுந்த கோட்டை நான் எங்கே போய் அழிப்பது?

"வலதுன்னு தோணுது" என்றான்.

எனக்கும் வலது என்றுதான் தோன்றியது. அதுவே பயமாக இருந்தது.

அதற்குள் கடைசிப் படகு கிளம்பிவிட்டது. திரையில் அதன் முக்கோணம் கரையை விட்டு மெல்ல நகர்ந்தது. இக்கரைக்கும் அக்கரைக்கும் அது இழுத்து வைத்திருந்த கோடு, என் மனைவியின் கழுத்துக்குக் கீழே சங்கிலி மாதிரி கிடந்தது. அந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது படகு.

நான் எஞ்சினைக் குறைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

"அத்தான், அங்க பாருங்க!"

சங்கிலியின் நடுவில் முக்கோணம் நின்றுவிட்டது. பிறகு திரும்பியது. சங்கிலியை விட்டு மேலே ஏறித் தாடையைத் தாண்டியது. அவளுடைய இடது கன்னத்துக்கு வந்து, சின்னதாக, அழுத்தமாக ஒரு வட்டம் போட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். பயணிகளெல்லாம் படகின் ஓரத்துக்கு வந்து, எதைச் சுற்றுகிறோம் என்று தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே தண்ணீர்தான் இருந்தது.

படகு வந்த வழியே இறங்கிச் சங்கிலியோடு சேர்ந்துகொண்டது.

ஒயர்லெஸ் கரகரத்தது. பயணிகள் படகின் கேப்டன் பேசினாள்.

"மூக்கு கோணலா இருக்குங்க."

"பாறை" என்றேன்.



"அக்கரையில படகைக் கட்டிட்டு நிக்கறேன். வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். "நேரா வாங்க."