பன்னிரண்டு மணிச் சைரன்

"சைரன் ஊதேக்கை டோறிசுக்குத் துணையா ஒராள் இருக்கோணுமாம். உன்னைத்தான் கேட்டவா. போ" என்றார் பொறுப்பாளர் ஸ்ரெபானி.

சுஜீதாவுக்குத் திக்கென்றது. மே மாத முதல் புதன்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு டென்மார்க் முழுவதும் சைரனை ஊதிச் சரிபார்ப்பார்கள். ஒவ்வொரு வருடமும் அந்த நேரம் பார்த்து அவள் துவாய் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். துவாய்த் துண்டுகளை அடுக்குகிறாளாம்!

யாழ்ப்பாணத்தில் ஏழு வயதில் கேட்ட பொம்மர் விமானம், குண்டு போடக் குத்தி இறங்கும்போது இப்படித்தான் ஊளையிடும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒடென்சேயின் அந்த முதியோர் இல்லத்தில் எதற்கும் அசையாதவள் என்று பெயரெடுத்தவள். அந்தப் பெயரை நம்பித்தான் அடுத்த மாதம் அவளை மேல்மாடிக்குப் பொறுப்பாக்கப் போகிறார்கள்.

"ஓம், நான் பாத்துக்கொள்ளுறன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டாள்.

துவாய் அறைக்கு நேரெதிரே, கதவு எந்நேரமும் திறந்து கிடக்கும் டோறிசின் அறை. டேனிஷ்காரரைக் கட்டிக்கொண்டு வந்த இங்கிலாந்துக்காரி, தொண்ணூறு வயதைத் தாண்டியவர். லண்டனில் குண்டு விழுந்த காலத்தில் சின்னப் பிள்ளை. சன்னலோரத் தட்டில் அவருடைய மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பாதி கடித்த பிஸ்கற் எல்லாம் கிடந்தன.

"வா பிள்ளை, என்ரை கையைப் பிடி" என்றார் உரத்த குரலில்.

"பயப்பிடாதேங்கோ. இண்டைக்குச் சும்மா ஊதிப் பாக்கினம்."

"யுத்த காலத்திலை சீனியும் பங்கீடுதான். தேத்தண்ணிக்கே காணாது!"

பயத்தில் கிழவிக்குப் புத்தி தடுமாறுகிறது என்று சுஜீதா இரக்கப்பட்டாள்.

சைரன் கிளம்பியது. டோறிசோ, சாப்பாட்டு மேசைக்குக் கீழே அம்மா மெத்தை விரித்ததையும், தம்பி நச்சுவாயு முகமூடியோடு பூனையைத் துரத்தியதையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். சுஜீதா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கோத்திருந்த கைகள் வெடவெடவென்று நடுங்கின. பாவம் மனுசி, எண்பது வருடம் கழிந்தும் பயம் விடவில்லையே!

ஒருவழியாகச் சத்தம் ஓய்ந்தது. சுஜீதா நெற்றி வியர்வையைத் துடைத்து, நிமிர்ந்து உட்கார்ந்தாள். மேல்மாடிப் பொறுப்பாளரின் முகம் திரும்பி வந்தது.

"பாத்தீங்களே, ஒண்டும் நடக்கேல்லை. நான் இருக்கேக்கை உங்களுக்கு என்ன பயம்?"

டோறிஸ் தட்டிலிருந்த காது மெஷினை எடுத்து, ஆற அமரக் காதில் மாட்டிக்கொண்டார்.

"உன்ரை கை நடுங்கிறது நிண்டிட்டுது. அப்ப சைரனும் நிண்டிருக்கும், என்ன பிள்ளை?"